எண்பதைத் தாண்டினால்

கொக்கிதான் முதலில் சத்தம் போட்டது. பின்சீட்டில் இடது பக்கத்து பெல்ட்டின் இரும்புக் கொக்கி கதவோரப் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. மார்கழி விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த குழந்தைக்குப் பல் அடித்துக்கொள்ளுமே, அப்படி டக்டக்டக்டக் என்று விடாமல்.

மாதவராஜ் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தான். எண்பதைத் தாண்டியிருந்தது. காலைச் சற்றுத் தளர்த்தினான். சத்தம் நின்றது. மறுபடி மிதித்தான். முதலில் கொக்கி, அப்புறம் சீட்டு, அப்புறம் சீட்டுக்கடியில் தரை என்று அதிர்வு ஒழுங்காகப் படியேறி வந்தது. ஆனால் அவன் பிடித்திருந்த ஸ்டியரிங் அசையவில்லை. முன்சீட்டில் சுகுணாவின் மடியிலிருந்த பாட்டிலில் தண்ணீர் சலனமில்லாமல் நின்றது.

"என்னங்க சத்தம்?" என்றாள் சுகுணா, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. ரோடு சரியில்ல."

ரோடு வழவழவென்று இருந்தது.

இண்டூரில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் சேலத்துக்குப் போய் அவளுக்கு டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். இடம் அங்கேதான் கிடைத்திருந்தது. மூன்று மாதம் பஸ்ஸில் போனார்கள். ஒருநாள் திரும்பி வருகையில், தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவள் நின்றபடியே சரிந்து விழுந்தாள். அதன் பிறகுதான் இந்தப் பழைய கார். இது ஓடினால் அவள் சேலம் போவாள். அவள் சேலம் போனால் உயிரோடு இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

மாதவராஜ் மின்வாரியத்தில் போர்மேன். பத்து கிலோமீட்டர் லைனில் எங்கேயோ பழுது என்றால் அவன் பதற மாட்டான். ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிவிட்டுப் பார்ப்பான். எதைக் கழற்றினால் மீதி லைனில் மின்சாரம் அறுபடாமல் நிலைக்கிறதோ, பழுது அதில் இருக்கிறது. பழுது என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் இடம் இருந்தே தீரும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வேதாந்தம்.

அதிர்வும் அவனுக்குப் புதிதல்ல. ஊசி குத்துவதற்கென்று சுகுணாவின் இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் ஒரு வண்டு அடைபட்டதுபோல விர்ரென்று அதிரும். அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது. அதிராவிட்டால் உடனே ஓடி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தினமும் காலையில் அவள் கண் விழிக்கும் முன்பே அவன் விரல்கள் அங்கே போய் நிற்கும். அந்த அதிர்வின் ஏற்ற இறக்கம், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அது ஒரு நூல் தளர்ந்து மறுபடி இறுகும் விதம், எல்லாம் அவன் விரல்களுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் கைகளைத் தொடச் சொன்னாலும் அவளுடையதைச் சொல்லிவிடுவான்.

காரிமங்கலம் போகிற வழியில், நெடுஞ்சாலையை ஒட்டி சென்றாயனின் ஷெட். அவன் பேசாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டான்.

"ஸ்டியரிங் ஆடுதுங்களா, சீட்டு ஆடுதுங்களாண்ணா?"

"ஸ்டியரிங் அசையவே இல்ல. பின்சீட்டுதான்."

"ஸ்டியரிங்ல வந்தா முன்சக்கரம், சீட்டுல வந்தா பின்சக்கரம். முடிஞ்சுது கதை. டீ சாப்புட்டு வாங்க, ரெடியா இருக்கும்."

டீ குடித்துவிட்டு வந்தான். அதிர்வும் கூடவே வந்தது. அடுத்தடுத்த நாட்களில் நாலு சக்கரத்துக்கும் பேலன்ஸ் பார்த்தார்கள். முன்னதைப் பின்னால் போட்டார்கள், பின்னதை முன்னால் போட்டார்கள். டயரை மாற்றினார்கள். எஞ்சின் உட்காரும் ரப்பர்களை மாற்றினார்கள். அச்சைக் கழற்றிக் கல்லில் உருட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நேராக இருந்தது. ஷெட்டுக்குள் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டினால் எண்பதிலும் தொண்ணூறிலும் கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடந்தது.

"டாக்டரக் கண்டதும் காய்ச்சல் போயிருச்சுங்கற புள்ள மாதிரி இருக்குதுண்ணா உங்க காரு," என்றான் சென்றாயன். "ரோட்டுக்குப் போலாம். நீங்க ஓட்டுங்க. நா பின்னாடி உக்காந்து காது குடுக்கறேன்."

அவன் பின்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தான். எண்பது. தொண்ணூறு. நூறு. ஒரு சத்தமும் இல்லை. வண்டி வெண்ணெயில் போவதுபோலப் போனது.

"ஏண்ணா, எங்கிட்ட விளையாடறீங்களா?" என்று சிரித்தான்.

வண்டியை ஓரம் கட்டி அவனை முன்னால் வரச் சொன்னான் மாதவராஜ். எண்பது. டக்டக்டக்டக். மறுபடி பின்னால் அனுப்பினான். அமைதி. பின்னாலேயே வலது பக்கம் நகரச் சொன்னான். டக்டக்டக்டக்.

"எடை கேக்குது போல," என்றான் சென்றாயன். குரலில் பழைய சிரிப்பு இல்லை. ஷெட்டிலிருந்து ஒரு கேழ்வரகு மூட்டையைத் தூக்கி வந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். எண்பதில் கொக்கி தட்டியது. மூட்டை ஆடவில்லை. அதன் கீழே சீட்டு மட்டும் ஆடியது.

திரும்பி வந்ததும் சென்றாயன் கையைத் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இனிமே எங்கையில ஒண்ணுமில்லீங்க. யாரு வெச்சிருந்த வண்டியோ அவங்களக் கேளுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"அங்க உக்காந்தா சீட்டு கொதிக்குதுண்ணா. காய்ச்சக்காரங்க இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி." அவன் மாதவராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்திரிச்சுப் போனாங்களோ இல்லியோ."

மாதவராஜுக்கு அது காதில் விழவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தால் அதிர்வு இல்லை. அதாவது வழி கிடைத்துவிட்டது. அடுத்த முறை சேலம் போகையில் சுகுணாவைப் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தான்.

கார் அலுங்காமல் போனது. அவன் பாட்டுப் போட்டான். கூடவே முணுமுணுக்கவும் செய்தான். ஓமலூர் நெருங்கும்போது கண்ணாடியில் பார்த்தான். சுகுணா சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சால்வை நடுங்கிக்கொண்டிருந்தது.

டயாலிசிஸ் முடிந்தால் சிலருக்கு உடம்பு நடுங்கும் என்றாள் நர்ஸ். போகும்போதே நடுங்கியதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கார் சரியாக இருந்தது. சுகுணா நடுங்கினாள். வேகம் எண்பதைத் தாண்டினால் நடுங்கினாள், குறைந்தால் ஓய்ந்தாள். மாதவராஜ் அதைக் கவனித்தான். கவனித்ததைத் தனக்குள்ளேயே ஒரு மூலையில் தள்ளிவைத்தான்.

"நா முன்னாடியே உக்காந்துக்கறேனுங்க," என்றாள் ஒருநாள்.

"முன்னாடி உக்காந்தா வண்டி ஆடும். ஆடுனா உனக்கு வாந்தி வரும்."

"பின்னாடி..." அவள் சொல்லலாமா என்று யோசித்தாள். "பின்னாடி சீட்டு மேல உக்காந்த மாதிரி இல்லீங்க. யாரு மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்குது."

அவன் சிரிக்க முயன்றான். "நல்லதுதான? மெத்துனு இருக்கும்."

"இடுப்பச் சுத்திக் கை போடுதுங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. அன்றிரவு பழைய காப்பீட்டுத் தாளில் இருந்த எண்ணுக்குப் பேசினான்.

எடுத்தது காரை வைத்திருந்தவரின் தம்பி. பாப்பாரப்பட்டிக்காரர், பச்சியப்பன் என்று பேர். காரில் பின்சீட்டு இடது பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டான்.

"எங்க அண்ணிங்க," என்றார். "கடுங்காய்ச்சல். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. சேலத்துக்குக் கொண்டுட்டுப் போனோம். அண்ணன் நூறுலயே ஓட்டுனாரு. நா முன்னாடி உக்காந்திருந்தேன். தொப்பூர் இறக்கத்துல நடுக்கம் நின்னுருச்சுங்க. நல்லாயிருச்சு, தூங்கறாங்கன்னு நெனச்சோம். ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தா..."

மாதவராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"பாடிய ஆம்புலன்ஸ்லதான் கொண்டாந்தோம். எல்லைக்கு எல்லை பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே வந்தோம். வாசல்ல நிறுத்தி, கதவத் தொறந்து வெச்சு, பேர் சொல்லி, இறங்கு, வூடு வந்துருச்சுன்னு சொன்னோம். எல்லாம் மொறையாத்தாஞ் செஞ்சோம்."

மாதவராஜுக்கும் அந்த முறை தெரியும். வெளியூரில் செத்தவர்களை அப்படித்தான் வழிநெடுக அழைத்து வருவார்கள். வாசலில் இறங்கச் சொன்னவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இறங்கி வருகிறவர்கள் அவனைத் தாண்டி வீட்டுக்குள் போவார்கள் என்பது நம்பிக்கை. அவன் அப்பாவுக்கு அவனே சொல்லியிருக்கிறான்.

"ஆனா அண்ணி ஆம்புலன்ஸ்ல எங்கீங்க ஏறுனாங்க?" என்றார் பச்சியப்பன் மெதுவாக. "கார்லயேதான இருந்தாங்க. எங்களுக்குத் தோணவே இல்ல. கார அப்புடியே சேலத்துல வித்துட்டு வந்துட்டாரு அண்ணன்."

"கார நாளைக்கு உங்க வாசலுக்கே கொண்டாறேன். நீங்களே கூப்புட்டு..."

"வேண்டாங்க!" குரல் கிழிந்தது. "ரெண்டு வருசம் ஆச்சு. அண்ணன் மறுகல்யாணம் பண்ணி, சின்னப் புள்ள இருக்குதுங்க வூட்ல. கொண்டாந்துடாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் பேரைக் கேட்கவில்லையே என்று அப்புறம்தான் மாதவராஜுக்கு உறைத்தது. மறுபடி கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் சேலம் போக வேண்டிய நாள். வாடகைக்கு வண்டி கேட்டுப் பார்த்தான். முகூர்த்த நாள், எதுவும் கிடைக்கவில்லை. ஒருமுறை தவறினால் சுகுணாவுக்குக் காலிலிருந்து முகம்வரை வீங்கிவிடும், மூச்சில் தண்ணீர் ஏறும். அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, எழுபதைத் தாண்டாமல் ஓட்டிப் போனான்.

திரும்பும்போது அவளால் உட்கார முடியவில்லை. டயாலிசிஸில் ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருந்தது. சாய்ந்துகொள்ள இடம் வேண்டும் என்று நர்ஸ் அவளைப் பின்னால் ஏற்றிப் படுக்க வைத்தாள். வலது கதவு வழியாகத்தான் ஏற்றினாள், தலையை வலது பக்கம்தான் வைத்தாள். மாதவராஜ் நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

ஓமலூரில் கண்ணாடியைப் பார்த்தபோது சுகுணா இடது பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மேற்கே வெளிச்சம் சிவந்து மங்கியிருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக முனகின. எதிர்ப்பக்கம் இறங்கும் வண்டிகளின் பிரேக் கருகி, அந்தக் காந்தல் நாற்றம் மலைச்சரிவெங்கும் நின்றது. அவன் எழுபதுக்குக் கீழேதான் வந்திருந்தான். இப்போது இருபது, முப்பது. ஆனாலும் சுகுணா நடுங்கிக்கொண்டிருந்தாள். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் முன்சீட்டுவரை கேட்டது.

"சுகுணா. இதோ வந்துட்டோம். கொஞ்சம் பொறுத்துக்க."

ஏற்றம் பாதி. சத்தம் நின்றது.

நடுக்கம் நின்றுவிட்டது. சால்வை அசையவில்லை.

நல்லாயிருச்சு, தூங்கறாங்கன்னு நெனச்சோம்.

"சுகுணா!" என்று கத்தினான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. "சுகுணா!"

"ம்," என்றாள். கண் திறந்தது. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உயிரோடு இருக்கிறாள். தருமபுரியைத் தாண்டி இண்டூர் வரும்வரை அவளிடம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான். அவள் எல்லாவற்றுக்கும் ம் என்றாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவினான். அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சீரியல் அழுதுகொண்டிருந்தது. யாரோ பூண்டு தாளித்தார்கள். சாதாரண சாயங்காலம்.

டக்.

டக்டக்.

டக்டக்டக்டக்.

எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் உருளவில்லை. கொக்கி தட்டியது. சீட்டு ஆடியது. தரை ஆடியது. முதன்முறையாக அவன் உள்ளங்கைக்குக் கீழே ஸ்டியரிங்கும் ஆடியது.

அவனுக்கு ஒன்றுதான் தெரிந்தது. இதை இந்த நிமிஷமே காரைவிட்டு வெளியேற்ற வேண்டும். கீழே குதித்தான். சுற்றி ஓடிப்போய்ப் பின்கதவை, இடது பக்கத்துக் கதவை, விரியத் திறந்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பேர் தெரியாது. பேர் இல்லாமலே சொன்னான்.

"இறங்கு. வூடு வந்துருச்சு."

ஸ்பிரிங் எழும்பும் ஓசை. புடவை உரசும் ஓசை. மருந்து வாசனையும் சுகுணாவின் தலை எண்ணெய் வாசனையும் அவனைத் தாண்டிப் போயின. படியேறும் காலடி. கதவுத் தாழ். உள்ளே விளக்கு எரிந்தது.

கார் அமைதியாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தான். சீட்டு காலியாக இருந்தது. சுகுணாதான் இறங்கிப் போயிருக்கிறாள், வேறென்ன. கூடவே அதுவும் இறங்கி, போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். அவன் கதவில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான். முடிந்தது. பழுது போய்விட்டது.

அப்போதுதான் சுகுணாவின் செருப்பு கண்ணில் பட்டது. காருக்குள், தரையில், ஜோடியாக, கால் நுழைத்து வைத்த நிலையிலேயே இருந்தது.

அவளால் செருப்பில்லாமல் சிமெண்டில் நடக்க முடியாது. வீங்கிய பாதம். படியேற அவளுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு தடவை நின்று நின்று, வெகுநேரமாகும். இப்போது கேட்ட காலடி நிற்கவே இல்லை.

உள்ளே குடம் நகர்ந்தது.

சமையலறை வாசலுக்குப் போனான். அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். சுகுணாவின் புடவை. சுகுணாவின் கொண்டை. நாளெல்லாம் ஒரு சின்னச் சொம்புத் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவள், நாக்கு வறண்டால் பனிக்கட்டித் துண்டைச் சப்பிக் கிடக்கிறவள், குடத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மடக்கு மடக்கென்று தொண்டை இறங்கியது. நீர் கழுத்தில் வழிந்தது. குடம் நிமிர்ந்து, மேலும் நிமிர்ந்து, கவிழ்ந்தது. காலி.

"சுகுணா. கையக் காட்டு."

அவள் திரும்பி இடது கையை நீட்டினாள். ஊசிக் கட்டு இருந்தது. அதற்கு மேலே அவன் தினமும் தொடும் இடம். விரலை வைத்தான்.

ஒன்றுமில்லை.

அழுத்தினான். மின்சாரம் நிறுத்திய கம்பி மாதிரி. கை மட்டும் கொதித்தது.

"தாகங்க," என்றாள். "ரொம்ப நாளாத் தாகம்."

வெளியே ஓடினான். கார் நின்ற இடத்தில் நின்றது. திறந்த கதவு. ஜோடிச் செருப்பு. சீட்டின் மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. மண்டியிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

அதிர்ந்தது.

இது காய்ச்சல் நடுக்கம் இல்லை. மெல்லிய, விடாத, வண்டு அடைபட்ட விர்ரென்ற அதிர்வு. துடிப்புக்குத் துடிப்பு நடுவில் ஒரு நூல் தளர்ந்து மறுபடி இறுகியது. கண்ணைக் கட்டியிருந்தாலும் சொல்லியிருப்பான்.

"சுகுணா," என்றான். எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்தத் தடவை பேர் சொல்லி, தெருவே கேட்க, முறையாகக் கூப்பிட்டான். "சுகுணா! இறங்கு சுகுணா! வூடு வந்துருச்சு!"

காருக்குள் எதுவும் எழும்பவில்லை.

படியில் காலடி வந்து நின்றது. ஈர உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வாசல் விளக்குக்குக் கீழே, அவள்.

"இன்னும் யாரக் கூப்புடறீங்க?" என்றாள் சுகுணாவின் குரலில். "நாந்தான் வந்துட்டேனே. கதவச் சாத்திட்டு உள்ள வாங்க. இனிமே சேலத்துக்கெல்லாம் போக வேண்டாங்க. எனக்குச் சரியாப் போச்சு."

சாவி அவன் கையில் இருந்தது. அவனுக்குப் பின்னால், அணைந்து கிடந்த காருக்குள், கொக்கி தட்ட ஆரம்பித்தது. முதலில் வேகமாக. அப்புறம், நேரம் ஆக ஆக, ஒவ்வொன்றாக.